அத்தானின் ஈரலில் கொழுப்பு

1

ஜேர்மனிக்கு வந்து பத்து வருஷம் முடிந்த நாளில் எனக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று விசாக் கந்தோரிலிருந்து வந்த கடிதம். என் வேலை ஒப்பந்தத்தை நீட்டியிருப்பதால் பத்திரங்களை எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். மற்றது இலங்கையில், முசலிப் பக்கத்தில் இருக்கும் றெஜினா அக்காவின் குரல்பதிவு. ஏழு நிமிஷம் ஓடியது. அக்கா ஏழு நிமிஷம் பேசினால் ஒன்றில் யாரோ செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கோ கலியாணம் சரிவந்திருக்க வேண்டும். கடிதத்தைக் கைப்பைக்குள் செருகிக்கொண்டு வேலைக்குப் போகிற டிராமில் அதைக் கேட்டேன்.

யாரும் சாகவில்லை. அக்காவின் புருஷன் தாசன் அத்தானுக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம் இருந்துகொண்டே இருந்ததாம். மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓர் இடத்தில் ஸ்கான் எடுத்திருக்கிறாள். ஸ்கான் எடுத்தவர் ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஐயா எவ்வளவு காலமாகக் குடிக்கிறீர்கள் என்று கேட்டாராம். அத்தான் தான் குடிப்பதேயில்லை என்றாராம். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்லுகிறவர்கள் என்று அந்த மனிதர் சிரித்தாராம். அக்கா பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

இவ்வளவும் இரண்டு நிமிஷம். மீதி ஐந்து நிமிஷத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும், பின்னால் ஒரு கோழியும், கடைசியில் ஒரு கேள்வியும் இருந்தன.

"நீ ஈரலுக்குத்தானே படிச்சனீ, ஸ்ரெலா. மறைக்காமல் சொல்லு. குடிக்காத மனுசன்ர ஈரல்ல கொழுப்பு எங்கால வரும்?"

இதில் அக்கா ஏன் இவ்வளவு பதறினாள் என்று விளங்க, அத்தான் யார் என்று சொல்லவேண்டும். அவர் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர். அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. அவருடைய உயிர் இருப்பது எங்கள் கத்தோலிக்கப் பங்கின் மதுவொழிப்புச் சங்கத்தில். அதற்கு அவர் தலைவர். ஊரில் கலியாண வீட்டுக்கு அத்தான் வருகிறார் என்று கேள்விப்பட்டால் வீட்டுக்குப் பின்பக்கம் இருக்கிற ஆண்கள் போத்தல்களை விறகுக்குள் ஒளிப்பார்கள். கோயில் பெருநாட்களில் ஒலிபெருக்கியில் அவர் பேசத் தொடங்கினால் குடிக்காதவர்களும் குற்றவாளிபோலக் குனிந்துகொண்டு நடப்பார்கள். அப்படிப்பட்டவரின் ஈரலில் கொழுப்பு. அந்த ஸ்கான் அறிக்கை அவர்களுக்கு முன்னமே பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிட்டது என்று அக்கா சொன்னாள்.

2

நான் வைத்தியம் பார்க்கிற டொக்டர் இல்லை. இதை ஊரில் யாரும் நம்புவதில்லை. பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம் இருக்கிறது, ஈரலைப் பற்றித்தான் படித்தாள் என்பதும் தெரியும், அவர்களுக்கு அது போதும். இரத்தப் பரிசோதனைத் துண்டுகள் வட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கும். வெள்ளாங்குளத்தில் நான் ஒருநாளும் கண்டிராத ஒருவர் தன் நாக்கைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கீழே அவசரம் என்று எழுதியிருந்தார்.

உண்மையில் நான் பார்க்கிற ஈரல் கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்ரிக் தட்டங்களில் மனித ஈரலின் செல்களை வளர்க்கிறோம். ஒவ்வொரு செல்லும் தனக்குள் கொழுப்பைச் சின்னச் சின்னத் துளிகளாகச் சேர்த்துவைக்கும். அந்தத் துளியைச் சுற்றி ஒரு புரதம் போர்வைபோலப் போர்த்திக்கொண்டு இருக்கும். கொழுப்பைக் கரைக்க வருகிற நொதிகளைக் கிட்ட வரவிடாமல் தடுப்பது அதன் வேலை. அந்தப் புரதத்தை எடுத்துவிட்டால் செல் என்ன செய்கிறது, அதிகமாக இருந்தால் என்ன செய்கிறது என்று பார்ப்பது என் வேலை. ஒரு புரதம், பத்து வருஷம். இவ்வளவு காலத்தில் ஊரில் ஆட்கள் வீடு கட்டி, பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து, அந்த வீட்டைத் திருத்தியும் விட்டார்கள்.

செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அன்றைக்கும் போய்ப் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை விடவேண்டும். பூசையை விட்டுவிட்டு ஈரலுக்குச் சாப்பாடு கொடுக்கப் போகிறாளே என்று அக்கா பல வருஷம் மனவருத்தப்பட்டாள். பங்குச் சுவாமியாரிடம் கேட்டு, நோயாளியைப் பார்க்கப் போவதற்குச் சமம் என்று அவர் சொன்ன பிறகுதான் விட்டாள்.

பேச்சுத் தடுமாற்றமும் இந்த ஈரலால்தான் வந்தது. ஜேர்மன் மொழியில் ஈரலுக்கு லேபர், வாழ்க்கைக்கு லேபன், காதலுக்கு லீபெ. முதல் வருஷம் விசாக் கந்தோருக்குப் போனபோது, என் வேலை என்ன என்று கேட்டால் சொல்ல ஒரு வசனத்தை வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனேன். ஈரலில் கொழுப்பு எப்படிச் சேர்கிறது என்று ஆராய்கிறேன் என்பதுதான் வசனம். ஆனால் அதற்கு முன்னால் அந்த அம்மா என் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டார். இலங்கைக் கடவுச்சீட்டு, பிறந்தது இந்தியாவில் மண்டபம் அகதி முகாம், படித்தது பாதி அங்கே பாதி மன்னாரில். இதை விளங்கப்படுத்தி முடிக்கிறபோது நாக்கு களைத்துவிட்டது. கடைசியில் காதலில் கொழுப்பு எப்படிச் சேர்கிறது என்று ஆராய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தனக்கும் அதை அறிய விருப்பம் என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தினார்.

இந்தமுறையும் அதே அம்மாதான் இருந்தார். என்னை மறக்கவில்லை. பத்து வருஷமாகிவிட்டதே, முடிவு தெரிந்ததா என்று கேட்டார். இன்னும் மூன்று வருஷம் தேவைப்படுகிறது என்று சொன்னேன். தலையாட்டினார். அவருக்கு நம்பிக்கை போய்விட்டதுபோல இருந்தது.

3

குரல்பதிவு வந்த அன்று பின்னேரமே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கொழுப்புச் சேர்வதற்கு மது ஒரு காரணம் மட்டுந்தான், சீனி, உடம்புப் பாரம், பரம்பரை, நீரிழிவு என்று எத்தனையோ காரணம் உண்டு என்று எடுத்துச் சொன்னேன்.

"நான் வளர்க்கிற ஈரல் செல்கள் ஒரு சொட்டும் குடிக்கிறதில்லை அக்கா. ஆனாலும் ஒரு நாளையில கொழுத்துப்போகும்."

அக்கா நம்பவில்லை. சீனியா? இரண்டு வருஷத்துக்கு முந்தி அத்தானுக்கு இரத்தத்தில் சீனி கொஞ்சம் ஏறியதென்று அறிந்த அன்றே வீட்டில் சீனிப்பேணியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாளாம். வெறும் தேத்தண்ணிதான் குடிக்கிறார். இனிப்பே தொடுவதில்லை என்று சுவாமியாருக்கு முன்னால் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு எங்கேயிருந்து சீனி வரும் என்று கேட்டாள்.

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னும் இரண்டு விஷயம் சொன்னாள். அத்தானுக்கு நாலு மணிக்கு வேலை முடிகிறது. மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் பத்து நிமிஷம். ஆனால் வருவது ஐந்தரைக்கு. கேட்டால் கூட்டம் என்கிறார். எந்தச் சங்கத்துக்கு நாளாந்தம் கூட்டம் இருக்கிறது? மற்றது, வருகிறபோது வாயில் ஏதோ பூ வாசம். குடிக்கிறவர்கள்தானே மணத்தை மறைக்க எதையாவது சப்புகிறவர்கள்.

எங்கள் அப்பாவும் அப்படித்தான் கராம்பு சப்பினார்.

அப்பாவைப் பற்றி நானும் அக்காவும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகு அவருக்குத் தொழில் சரிவரவில்லை. குடி சரிவந்தது. கடைசியில் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, ஏழு மாதம் கட்டிலில் கிடந்தார். அம்மா அதற்கு முன்னமே போய்விட்டா. பத்தொன்பது வயது அக்காதான் படிப்பை விட்டுவிட்டு அவரைத் தூக்கி இருத்தி, துடைத்து, கரண்டியால் ஊட்டினாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். அதனால் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. பிறகு நல்ல இடங்களில் பேசிவந்த மாப்பிள்ளைகளை எல்லாம் விட்டுவிட்டு, மதுவொழிப்புச் சங்கத்தில் பேசிக்கொண்டு திரிந்த இந்தக் கிளாக்கரைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அவள் கட்டியது பேச்சையல்ல, பயமில்லாத ஒரு வீட்டை.

நீங்கள் ஏன் ஈரலை எடுத்தீர்கள் என்று இங்கே கேட்பவர்களுக்கு, அந்த வருஷம் அந்த இடந்தான் காலியாக இருந்தது என்று சொல்வேன். அதுவும் பொய்யில்லை.

அக்கா கடைசியாகச் சொன்னது இதுதான்: "இன்னொருக்கா ஒரு ஈரலுக்குப் பக்கத்தில இருக்க என்னால ஏலாது. பெருநாள் முடியட்டும். நான் கன்னியர் மடத்தில சமையலுக்கு வாறன் எண்டு மதரிட்டச் சொல்லிட்டன்."

4

மகள் லியாவுக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். வாசிப்பாள், எழுதுவாள். ஆனால் சொற்களுக்கு அவளிடம் ஒவ்வொரு கருத்துத்தான் உண்டு. இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

அத்தானை ஆறுதல்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அழைத்தோம். மனிதர் முகம் தொங்கிப்போய் இருந்தார். லியா பாசத்தோடு கமெராவுக்குக் கிட்டப் போய், "பெரியப்பா, உங்களுக்கு நல்லாக் கொழுப்பாம். அம்மா சொன்னவ" என்றாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். ஒரு கிழமை முழுக்க ஊர் சொன்னதைவிட இது அவரைத் தாக்கியிருக்க வேண்டும். தமிழில் அந்தச் சொல்லுக்குத் திமிர் என்றும் ஒரு பொருள் உண்டு என்று லியாவுக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் பிடித்தது. அப்படியென்றால் நீங்கள் பத்து வருஷமாகத் திமிரையா ஆராய்கிறீர்கள் என்று கேட்டாள். என் புருஷன் சமையலறைக்குள் போய் நின்று சிரித்தார்.

இதற்கிடையில் சங்கத்தில் பிரச்சினை முற்றியது. பெருநாளன்று இளைஞர்கள் கோயில் முற்றத்தில் நின்று மது தொடமாட்டோம் என்று சத்தியம் செய்வது வழக்கம். தலைவர்தான் ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சங்கத்தின் உபதலைவர் மரியான் மாஸ்ரர், இளைப்பாறிய கணக்கு வாத்தியார். கொழுப்பு ஈரலோடு ஒருவர் அந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கலாமா என்று அவர் கேள்வி எழுப்பினார். தனக்குத் தாசனில் சந்தேகமில்லை, ஆனால் அறிவியல்ரீதியான ஓர் உறுதிப்பத்திரம் இருந்தால் நல்லது என்றார். ஜேர்மனியில் ஈரல் படிக்கிற மச்சாள் இருக்கிறாதானே, சீல் வைத்த ஒரு கடிதம் எடுத்துத் தாருங்கோ என்றார்.

நான் எங்கள் பேராசிரியையிடம் போய் நின்றேன். அவர் நல்ல மனுஷி. ஆனால் பார்க்காத ஈரலைப் பற்றி ஒரு வரியும் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார். மது அருந்தாதவர்களுக்கும் ஈரலில் கொழுப்புச் சேரலாம் என்று பொதுவாக எழுதுவதற்குத் தடையில்லை என்றார். நான் அதைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். சீலுக்குத்தான் எங்கே போவது? இங்கே இப்போது யாரும் சீல் வைப்பதில்லை, எல்லாம் கணினியில்தான். எங்கள் பகுதியின் செயலாளர் அம்மா மேசை லாச்சிகளை எல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒன்றைக் கண்டெடுத்தார். குளிர்ப் பெட்டிகளில் சாமான் வருகிறபோது தாளில் குத்துகிற சீல். அதில் நிறுவனத்தின் பெயர்கூட இல்லை. 'வந்து சேர்ந்தது' என்று மட்டும் ஜேர்மன் மொழியில் இருந்தது. வட்டமாக, நீல மையில், பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அக்காவின் கண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது. குத்தினேன்.

நான் அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பி இரண்டு நாளில் அத்தான் தொலைபேசி எடுத்தார். கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தார்களாம். எல்லாருக்கும் திருப்தியாம். ஆனால் மரியான் மாஸ்ரர் சீலில் இருந்ததைத் தன் தொலைபேசியால் மொழிபெயர்த்துவிட்டாராம். பிறகு எழும்பி நின்று இப்படிச் சொன்னாராம்: "கொழுப்பு வந்து சேர்ந்தது எண்டு ஜேர்மன்காரரே சீல் வச்சு ஒத்துக்கொள்ளினம். எப்பிடி வந்து சேர்ந்தது எண்டதைத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை."

5

பள்ளி விடுமுறை தொடங்கியதும் நானும் லியாவும் ஊருக்குப் போனோம். பெருநாளுக்கு எட்டு நாள் இருந்தது. என் புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. செல்களுக்குச் சாப்பாடு கொடுக்க ஒரு மாணவியை ஒழுங்கு செய்தேன். புருஷனுக்கு அப்படி யாரையும் ஒழுங்கு செய்யவில்லை என்று அவர் விமான நிலையத்தில் முறைப்பாடு செய்தார்.

வீட்டில் ஒரே அமைதி. அக்கா அத்தானோடு நேரே பேசுவதை நிறுத்தியிருந்தாள். சோறு போட்டால் கதிரைக்குச் சொல்வாள், சோறு போட்டாச்சு என்று. அத்தானும் சோற்றுக் கோப்பைக்குச் சொல்வார், காணும், போதும் என்று. அக்கா தன் சேலைகளை மடித்து ஒரு சூட்கேசில் வைத்திருந்தாள். அது அறை மூலையில் மூடாமல் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு இது பகிடியாகத் தெரியவில்லை.

அத்தானைத் தனியாகப் பிடித்து, எனக்காவது உண்மையைச் சொல்லுங்கோ, நாலு மணியிலிருந்து ஐந்தரை வரைக்கும் எங்கே போறீங்கள் என்று கேட்டேன். மனிதர் வியர்த்துப்போனார். தான் தேவமாதா சாட்சியாகச் சாராயம் தொடவில்லை என்றார். அது என் கேள்விக்குப் பதிலில்லை என்றேன். கோழிக்குத் தீன் போடவேண்டும் என்று எழும்பிப் போய்விட்டார். தீன் காலையிலேயே போட்டாயிற்று.

பெருநாளுக்கு மூன்று நாளைக்கு முந்தி, அத்தான் வேலையால் நேரத்தோடு வந்து லியாவைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த நாளும் போனார்கள். அதற்கடுத்த நாளும் போனார்கள். பிள்ளை ஊரோடு ஒட்டுகிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் சுவாமியாரும் மரியான் மாஸ்ரரும் வீட்டுக்கு வந்தார்கள். நாளைக்குச் சத்தியம் சொல்லிக்கொடுப்பது யார் என்று முடிவெடுக்க வேண்டும். முன்விறாந்தையில் கதிரைகளைப் போட்டு இருந்தோம். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோடு நின்றாள். அத்தானும் லியாவும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். சுவாமியார் லியாவின் தலையைத் தடவி, பெரியப்பா எங்கேயெல்லாம் கூட்டிக்கொண்டு போனவர் என்று அன்பாகக் கேட்டார்.

லியா வசனத்தை மனசுக்குள் ஒழுங்குபடுத்தினாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாய்மொழிப் பரீட்சைக்கு நிற்பதுபோல நிமிர்ந்து நின்றாள்.

"பெரியப்பா ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர்."

மரியான் மாஸ்ரர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். லியாவுக்குத் தன் தமிழ் இவ்வளவு கவனமாகக் கேட்கப்படுவது இதுதான் முதல்தடவை. உற்சாகமாகிவிட்டாள்.

"ரெண்டு கிளாஸ். ஐஸ் போட்டு. சிவப்பா இருக்கும். எனக்கும் தந்தவர்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். நான் எழும்பி லியாவின் வாயருகே மணந்து பார்த்தேன். றோசாப்பூ வாசம். அத்தான் வாசற்படியில் ஹெல்மெற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குமா கொடுத்தாய் என்று சுவாமியார் கேட்டபோதுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"பலூடா, சுவாமி" என்றார்.

பிறகு எல்லாம் வெளியில் வந்தது. சந்தியில் நிஜாம் நானாவுக்குக் குளிர்பானக் கடை. இடம்பெயர்ந்து புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவருடைய பலூடாவில் றோசாப்பூப் பாணியும், பாலும், கசகசாவும், ஜெலியும், மேலே ஐஸ்கிறீமும் இருக்கும். வீட்டில் சீனிப்பேணி பூட்டப்பட்ட மூன்றாம் கிழமை அத்தான் ஒருநாள் தாகத்துக்கு அங்கே இறங்கியிருக்கிறார். இரண்டு வருஷமாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். முதலில் ஒரு கிளாஸ், பிறகு இரண்டு. யாராவது காண்பார்கள் என்று கடைக்குப் பின்னால் குளிர்ப்பெட்டிக்கு மறைவில் ஒரு ஸ்ரூலில் இருந்து குடித்திருக்கிறார். ஊரில் எல்லாருக்கும் அடக்கம் சொல்லிக்கொடுக்கிற மனிதன் ஒரு கிளாஸ் இனிப்பை அடக்க முடியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம். லியாவுக்கு இதையெல்லாம் விளங்கச் சொல்லுகிற அளவுக்குத் தமிழ் வராது என்ற துணிவில் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

சுவாமியார் கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. மரியான் மாஸ்ரர் மட்டும் என்னிடம் திரும்பி, பலூடாவால் ஈரலில் கொழுப்பு வருமா என்று கேட்டார். இதுதான் காரணம் என்று ஆராய்ச்சிக்காரியாக என்னால் சத்தியம் செய்ய முடியாது என்றேன். ஒரு நாளைக்கு இரண்டு, அதுவும் இரண்டு வருஷம் என்றால், மச்சாளாக எனக்குச் சந்தேகமே இல்லை என்றும் சொன்னேன். அவர் மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

தான் பிழையாக என்ன சொன்னேன் என்று லியா என்னிடம் ஜேர்மன் மொழியில் கேட்டாள். ஒன்றும் பிழையில்லை என்றேன். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரிதான்.

அக்கா நிலத்தைவிட்டு எழும்பவில்லை. அவள் சிரிக்கவுமில்லை. அத்தான் அவளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தியிருந்து, மூன்று கிழமைக்குப் பிறகு முதன்முதலாக நேரே பேசினார். "றெஜி, நான் அதைச் சொல்லியிருக்க வேணும்" என்றார். அக்கா எழும்பி, தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

6

பெருநாளன்று அத்தானே ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். சுவாமியார் அப்படித்தான் தீர்மானித்தார். இளைஞர்கள் வெள்ளைச் சேட்டுப் போட்டு வரிசையில் நின்றார்கள். வசனத்தைத் தொடங்க முன்னர் அத்தான் தொண்டையைச் செருமினார். தான் இரண்டு வருஷமாக நாளாந்தம் ஒளித்துக் குடித்ததாகச் சொன்னார். பலூடா என்று அடுத்த சொல்லைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பேச்சாளர்களுக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியும், அது பழக்கதோஷம். பிறகு எழுந்த சிரிப்பில் கோயில் கூரையிலிருந்த புறாக்கள் கிளம்பின. அவர் சிரிக்கவில்லை. குடித்தது சின்ன விஷயம், ஆனால் ஒளித்ததைப் பார்த்து வீட்டில் ஒருத்தி பட்ட பாடு சின்னதில்லை என்று சொன்னார். பிறகு கையை உயர்த்தி, மது தொடமாட்டேன் என்று பெடியன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கடைசி வசனத்தைத் தான் மட்டும் சொன்னார், பலூடாவும் தொடமாட்டேன் என்று. பின்வரிசையில் நின்ற இரண்டு பேர் பழக்கத்தில் அதையும் திருப்பிச் சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் என்ன இருக்கிறதென்று என்னால் பார்க்க முடியவில்லை.

பூசை முடிந்து ஓட்டோவில் திரும்பினோம். முன்னால் அத்தான் மோட்டார் சைக்கிளில் போனார். சந்தி வந்ததும் அக்கா சாரதியின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். இறங்கி நேரே நிஜாம் நானாவின் கடைக்குள் போனாள். நாங்களும் பின்னால் போனோம். ஓட்டோ நின்றதைக் கண்டு அத்தானும் திரும்பி வந்து, கடை வாசலில் உள்ளே வருவதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்.

நிஜாம் நானாவுக்குக் கோயிலில் நடந்தது அதற்குள் தெரிந்திருந்தது. தலைவர் கேட்டபடியால்தான் கொடுத்தேன், தங்கச்சி, ஈரல் விஷயம் எனக்குத் தெரியாது என்று பயந்துகொண்டு சொன்னார்.

"பரவாயில்லை நானா. எனக்கு ஒண்டு தாங்கோ. இவர் குடிக்கிற மாதிரியே" என்றாள் அக்கா.

உயரமான கிளாஸில் வந்தது. அக்கா முன்மேசையில், வீதியில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருந்தாள். லியா எப்படிக் கலக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். அத்தான் எதிரில் வந்து இருந்தார். நிஜாம் நானா அவருக்கு முன்னால் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணி வைத்துவிட்டு விலகினார். அக்கா அவசரப்படவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பாதி முடிந்தபோது கரண்டியைக் கீழே வைத்து, அத்தானின் முகத்தை நேரே பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு மனுசன் பெண்சாதிக்குப் பொய் சொல்லுற அளவுக்கு ஒண்டுமில்லை."

அத்தான் தண்ணியை எடுத்துக் குடித்தார். அக்கா மீண்டும் கரண்டியை எடுத்தாள். கிளாஸின் அடியில் ஒட்டியிருந்த கடைசிக் கசகசா வரைக்கும் வழித்து, முழுவதையும் குடித்து முடித்த பிறகுதான், சரி, வீட்டை போவம் என்று எழும்பினாள். ஓட்டோவில் ஏறவில்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு இருந்தாள்.